மரம் நடுவோர் ஐப்பசியையும் எண்ணிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டில் 100 மில்லியன் மரங்களை நடும் இயக்கம் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதிலிருந்து, பினாங்கில் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய வளாகங்களிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் கன்று நடும் நிகழ்ச்சிகள் வழக்கமாகிவிட்டன. தங்கள் நாளிதழிலும் அவற்றின் படங்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. குழிக்குள் இறங்கும் கன்று எந்த மரத்தினுடையது என்பதைத்தான் நான் அந்தப் படங்களில் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் படக்குறிப்பில் அந்த விவரம் இருப்பதில்லை. பாலிக் புலாவ் பகுதியில் ஒரு பழத்தோட்டத்தின் ஓரமாகத் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவன் என்ற முறையில், “தேனீக்களுக்குப் பயன்படும் மரங்களாக நட விரும்புகிறோம், எவற்றை நடலாம்?” என்று ஆலய நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு பூக்கிறது என்பதைவிட, எந்த மாதத்தில் பூக்கிறது என்பதே. பினாங்கில் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை மழை குறைந்து வெயில் காய்கிறது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் ரம்புத்தான், டுரியான், மாத்தா கூச்சிங், மா எனப் பழமரங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூவெடுக்கின்றன. பால்மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்ப்பதும் அதே பருவத்தில்தான். ஆகவே ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் தேனீக்களுக்கு நாம் எதுவும் செய்து தர வேண்டியதில்லை. பெட்டியில் கூட்டம் பெருகும், அடை நிறையும், புதிய ராணி உருவாக, பழைய ராணியுடன் கூட்டம் பிரியவும் செய்யும். இப்படிப் பெருகிய கூட்டம் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அடைமழைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அப்போது பூக்கும் மரங்கள் குறைவு. பூத்தவற்றிலும் மதுரத்தை, அதாவது பூவில் சுரக்கும் இனிப்பு நீரை, மழை கழுவிவிடுகிறது, மகரந்தம் நனைந்து கட்டிப்போகிறது. பட்டினி நீண்டால் நம் நாட்டுக்குரிய அடுக்குத் தேனீ பெட்டியை விட்டுக் கூட்டத்தோடு வெளியேறிவிடும். வெளியேறாமல் மெலிந்து கிடக்கும் கூட்டத்தின் அடைகளில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் ஏறிவிடும். சீனிப்பாகு வைத்து ஒப்பேற்றலாம் என்பார்கள். சீனியில் மாவுச்சத்து மாதிரி உடலை ஓட்டும் சக்தி மட்டும்தான் இருக்கிறது, குஞ்சுகளை வளர்க்கத் தேவையான புரதம் மகரந்தத்திலிருந்துதான் வர வேண்டும்.

எனவே, ஏற்கெனவே பூ நிறைந்திருக்கும் மாசி, பங்குனிக்கு மேலும் ஒரு ரம்புத்தானை நடுவதைக் காட்டிலும், ஐப்பசியில் பூ தாங்கி நிற்கும் ஒரு மரத்தை நடுவது பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிப்பட்ட மரங்களில் முதலிடம் தென்னைக்கு. நன்றாக வளர்ந்த தென்னை ஏறத்தாழ மாதத்திற்கு ஒரு பாளை விடுகிறது. ஒவ்வொரு பாளையிலும் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில் விரிந்து மகரந்தத்தைக் கொட்டுகின்றன, மதுரமும் தருகின்றன. காய் விழும் இடத்தில் கார் நிறுத்துவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள் என்று பள்ளிகள் தயங்குவது நியாயமே. வேலியோரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், குட்டை இனமாகப் பார்த்து நட்டால் அந்தத் தயக்கம் பெரிதும் தீரும். குட்டை இனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பாளை விடவும் தொடங்கிவிடும். தென்னைக்கு இடமில்லாத குறுகிய நிலத்தில் கமுகு நிற்கலாம். அதன் பாளையிலும் தேனீக்கள் மகரந்தத்திற்காக மொய்ப்பதைக் காலை வேளையில் காணலாம்.

அடுத்தது பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழ மரம். பழமரங்களுள் இதற்கு நான் தனி மதிப்புத் தருவதற்குக் காரணம், வெயில் காய்ந்தால்தான் பூப்பேன் என்ற பிடிவாதம் இதற்கு இல்லை. கிளைகளிலும் தண்டிலும் ஊதாச் சிவப்புப் பூங்கொத்துகள் ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். ஒட்டுக்கன்றாக வாங்கினால் ஓரிரு ஆண்டுகளில் பூவைப் பார்க்கலாம். பெட்டித் தேனீக்கும் கொடுக்கில்லாத சிறிய கொசுத்தேனீக்கும் அதன் சிறு பூ எட்டும் ஆழத்தில்தான் இருக்கிறது. மரத்திற்கும் தேனீ தேவைப்படுகிறது: சூலகத் தண்டு நீண்ட பூவைத் தாங்கும் மரம், குட்டைத் தண்டுப் பூவைத் தாங்கும் மரம் என இதில் இரு வகை உண்டு, ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போய்ச் சேரும்போதுதான் காய்ப்பு சிறக்கிறது. ஆகவே ஒரே வகைக் கன்றுகளை வரிசையாக நடாமல், இரண்டு வகைகளைக் கலந்து நட வேண்டும். பழ ஈக்கு அஞ்சி மருந்தடிக்க வேண்டாம். பிஞ்சுகளைக் காகிதத்தில் பொதிந்து கட்டும் பழைய முறையே போதும். இடையில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பழம் ஆபத்தானது. ஆலயத்தில் நட்டுப் பழத்தைப் பிரசாதமாக வழங்க எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஜம்பு ஆயர் ஆண்டில் பலமுறை பூக்கும். அதன் பூவில் மதுரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேங்கும். கொய்யா புதுத் துளிரில் பூக்கும் மரமாதலால், காலமறிந்து கவாத்து செய்தால் நாம் விரும்பும் பருவத்தில் அதைப் பூக்கச் செய்யலாம். அது தருவது பெரும்பாலும் மகரந்தம். லிமாவ் கஸ்தூரியும் எலுமிச்சையும் வீட்டு வாசல் தொட்டியில்கூடப் பூக்கும். முருங்கையை நீர் தேங்காத மேட்டில் நட வேண்டும். நம் வீட்டுப் பின்கட்டுகளில் அது ஆண்டின் பெரும்பகுதி பூத்து நிற்பதை எல்லாரும் அறிவோம். கறிவேப்பிலையும் தேனீ விரும்பும் மரமே. ஆனால், குழம்புக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒடித்து ஒடித்து நாம் அதைப் பூக்கவே விடுவதில்லை. ஒரு வீட்டில் இரண்டு கறிவேப்பிலை நிற்குமானால், ஒன்றை அடுப்புக்கும் மற்றதைத் தேனீக்குமாக விட்டுவிடலாம்.

இனி, கண்ணுக்கு விருந்தாகவும் தேனீக்கு ஏமாற்றமாகவும் இருக்கும் மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது இடங்களில் மரம் நடும்போது இவைதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தெக்கோமா பூக்கும் நாளில் ஜார்ஜ்டவுன் சாலைகள் இளஞ்சிவப்பாக மாறுகின்றன, ஊரே படமெடுக்கிறது; சில நாள்களில் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. அதுவும் வறட்சியை ஒட்டிப் பூப்பதால், ஏற்கெனவே நிறைந்த பந்தியில் இன்னோர் இலை போட்டது போலாகிறது. அங்சானாவின் மஞ்சள் பூவைத் தேனீக்கள் விரும்பி மொய்ப்பது உண்மையே; எனினும் ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். கம்போஜாவின் பூவில் மதுரமே இல்லை. இரவில் வரும் அந்துப்பூச்சிகளை மணத்தால் வரவழைத்து வெறுங்கையோடு அனுப்பும் பூ அது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டிருப்பதால், அதில் தேனீக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சரக்கொன்றையைக் குறைத்துச் சொன்னால் ஆலயத்தார் மனம் வருந்தக்கூடும். சிவனுக்குரிய பூ என்ற மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு, அதற்காக ஒரு கொன்றையை நடுவதில் தவறேதும் இல்லை. ஆனால், அதன் பூவில் மதுரம் கிடையாது. மகரந்தமும் நுனியில் சிறு துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருந்தச்சுத் தேனீ அந்தப் பையைப் பற்றிக்கொண்டு தன் மார்புத் தசைகளை அதிரச் செய்யும்போதுதான் தூள் வெளியே தெறிக்கிறது. பெட்டியில் வளரும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்குவதோடு சரி. நாகலிங்கத்தின் நிலை இதைவிட மேல். தண்ணீர்மலையில் 1884ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குச் சென்றவர்கள் அந்த மரத்தைக் கண்டிருப்பார்கள். அதிலும் மதுரம் இல்லை, ஆனால் இரண்டு வகை மகரந்தம் இருக்கிறது: லிங்கம் போன்ற நடுப்பகுதியைச் சுற்றியுள்ள தாள்களில் இருப்பது காய்ப்பிடிக்க உதவுவது, மேலே நாகப்படம் போலக் கவிந்திருக்கும் பகுதியில் இருப்பது தேனீக்களின் தீவனத்திற்கென்றே மரம் ஒதுக்கியது. ஆண்டு முழுவதும் பூப்பதால், மழைக்காலத்தில் மகரந்தம் கிடைக்க அது ஒரு வழி. கனத்த காய்கள் விழும் என்பதால் நடைபாதையிலிருந்து தள்ளி நட வேண்டும்.

ஒரு மரத்தை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மொட்டைப் பிதுக்கினால் தண்ணீர் பீச்சுவதால் பிள்ளைகள் விளையாடும், செந்நிறப் பெரும்பூக்களைக் கொண்ட ஆப்பிரிக்கத் துலிப் மரம் அது. அதன் பூக்களுக்குள் கொடுக்கில்லாத் தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. விதை காற்றில் பறந்து தானே முளைக்கும் மரத்தை நாம் வேறு நட்டு வளர்க்க வேண்டுமா?

தேனீ வளர்ப்போர் சிலர் அக்காசியா மாங்கியத்தைப் பரிந்துரைப்பார்கள். அதன் இலையடியில் சுரக்கும் இனிப்பு நீர் பூக்காலம் பாராமல் கிடைப்பது உண்மைதான். ஆனால், அதுவும் கட்டுக்கடங்காமல் பரவும் மரம். நிலம் வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தில் தானாகவே வந்துவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இலையிலும் தேன் சுரக்கும் என்பது புதுமையாகத் தோன்றினால், பால்மரத்தை நினைத்துப் பார்க்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் பால்மரக் காட்டில் வண்டினங்களின் ரீங்காரத்தைக் கேட்டிருப்பார்கள். அந்த மரத்தில் மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சுரப்பிகள் உள்ளன. இலையுதிர்வுக்குப் பின் புதுத் துளிர் விரியும் வாரங்களில் அவை தேனீக்கு மதுரத்தை வாரி வழங்குகின்றன. தமிழ்நாட்டின் மார்த்தாண்டம் பகுதித் தேன் தொழிலே பெருமளவு இந்தத் துளிரை நம்பித்தான் நடக்கிறது. இங்கே செபராங் பிறையிலும் கெடாவிலும் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டுவிட்டன. செம்பனையின் ஆண் பூங்கொத்திலிருந்து தேனீ மகரந்தம் எடுக்கும், ஆனால் மதுரம் எதுவும் அதில் கிடைக்காது. அதன் மகரந்தச் சேர்க்கைக்கும் தேனீ தேவையில்லை. தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்த வேலையை, 1981ஆம் ஆண்டு கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு மூக்கு வண்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. பள்ளியிலோ ஆலயத்திலோ பால்மரம் நடச் சொல்லவில்லை. அந்தத் தோட்டங்கள் இருந்தபோது தேனீக்குக் கிடைத்த மதுரம் இனி வேறெங்கிருந்து வரும் என்பதை, அதே நிலத்தில் எழுந்த தாமான்களில் குடியிருக்கும் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆலயங்களுக்கு நான் முதலில் சொல்வது புங்கையும் புன்னையும். இரண்டும் நமக்குத் தெரிந்த மரங்கள், இரண்டும் இந்நாட்டுக் கடற்கரைகளிலும் இயல்பாக வளர்பவை. உப்புக் காற்றையும் மணற்பாங்கான நிலத்தையும் தாங்குபவை. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய தஞ்சோங் பெனாகா முனையில் அப்போது நின்றவையே புன்னைகள்தாம். புங்கம்பூவில் மதுரமும் மகரந்தமும் சேர்ந்தே கிடைக்கின்றன. புன்னை தன் எண்ணற்ற மஞ்சள் தாள்களில் மகரந்தத்தை அள்ளித் தருகிறது. நாவலும் புளியும் இடம் அகன்ற வளாகங்களுக்கு ஏற்றவை. நாவற்பழம் தரையைக் கறைப்படுத்துகிறது என்று வெட்டிவிடுவோரும் உண்டு. சுத்தம் செய்பவரின் சிரமம் புரிகிறது, ஆனால் அதற்காக ஒரு பெரிய மரத்தையே இழக்க வேண்டியதில்லை.

எத்தனை கன்று, எவ்வளவு தொலைவில் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். ஒரு தேனீ ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவை மட்டுமே நாடும். நல்ல இடத்தைக் கண்டு திரும்பியது, கூட்டுக்குள் ஆடிக் காட்டித் தோழிகளை அங்கே அனுப்பும். இத்தகைய பூச்சிக்கு, பத்து வகையில் ஒவ்வொன்றாக நட்டுக் கண்காட்சி வைப்பதைவிட, மூன்று நான்கு வகைகளைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் சிலவற்றைக் கூட்டாக நடுவது உதவும். அடுக்குத் தேனீ ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் போய்வரும். கொசுத்தேனீ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே தேடும். ஐப்பசியில் இந்தத் தூரம் இன்னும் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் இரண்டு மழைகளுக்கு இடையே கிடைக்கும் சிறு வெளிச்சத்தில்தான் அவை வெளியே வந்து திரும்ப முடியும். மழைக்காலத்துக்கான மரம் அருகில் இருக்க வேண்டும், வெயில் காலத்துக்கானது எட்ட இருந்தாலும் பரவாயில்லை.

கெலுலுட் எனப்படும் கொசுத்தேனீயை வளர்க்கும் பள்ளிகளும் குடும்பங்களும் இப்போது பெருகியுள்ளன. அதன் தேனுக்கு 2017ஆம் ஆண்டு மலேசியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. அதற்கு மதுரம், மகரந்தம் இரண்டோடு மூன்றாவதாகப் பிசினும் வேண்டும். கூட்டின் வாசல் குழாயும் உள்ளே தேன் வைக்கும் குடங்களும் மெழுகோடு பிசின் கலந்து கட்டப்படுபவை. ஆகவே கெலுலுட் வைத்திருப்போர் அருகில் ஒரு மாமரமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அதன் காயத்திலிருந்து வடியும் பாலைக் கொசுத்தேனீக்கள் கால்களில் உருட்டி எடுத்துச் செல்வதைக் காணலாம்.

நட்டபின் நாம் செய்யும் இரண்டு காரியங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகின்றன. ஒன்று, ஓயாமல் கத்தரிப்பது. தாமான் வேலிகளில் செந்துளிருக்காக வரிசையாக நடப்படும் யூஜினியா, நாவலின் இனத்தைச் சேர்ந்தது. வளர விட்டால் வெள்ளைப் பூங்கொத்துகளால் நிறைந்துவிடும். அதைச் சதுரமாக வெட்டிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கணக்கில் ஒரு பூக்கூட வருவதில்லை. வரிசையில் ஐந்துக்கு ஒன்றையாவது மரமாக வளர விட்டால், புதிதாக எதையும் நடாமலேயே பூ கிடைத்துவிடும். மற்றொன்று, பூ விரிந்திருக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து அடிப்பது. கொசு ஒழிப்புப் புகை தவிர்க்க முடியாதது. டிங்கி உள்ள ஊரில் அதை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் நாள், நேரம் முன்கூட்டித் தெரிந்தால், பெட்டி வைத்திருப்போர் வாசலை மூடி வைத்துக்கொள்ள முடியும்.

பெற்றோர் சிலர், தேனீயை வரவழைத்தால் பிள்ளைகளைக் கொட்டாதா என்று கேட்கிறார்கள். பூவில் உணவெடுக்கும் தேனீ, மிதித்தாலோ கையில் பிடித்தாலோ அல்லாமல் கொட்டுவது அரிது. கூட்டைத் தொந்தரவு செய்யும்போதுதான் ஆபத்து. ஆயினும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், பூமரங்களைச் சபை கூடும் திடலுக்கும் சிற்றுண்டிச் சாலைக்கும் ஒட்டி நடாமல் பின்புற வேலியோரமாக நடுவதே முறை. அடுக்ககங்களின் உயரத்தில் மலைத்தேனீ கூடு கட்டுவது வேறு விஷயம். அது ஆள் புழங்கும் இடமாக இருந்தால் பொதுத் தற்காப்புப் படையினரிடம் விட்டுவிட வேண்டும், கல்லோ தீப்பந்தமோ எடுக்கக் கூடாது.

பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்று வாங்குவதற்கு முன், தங்கள் வளாகத்திலும் சுற்றிலும் ஏற்கெனவே நிற்கும் மரங்கள் எந்தெந்த மாதத்தில் பூக்கின்றன என்று ஓராண்டுக்குக் குறித்து வையுங்கள். அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்களே இதைச் செய்யலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் கண்ணும் போதும். எந்த மாதத்தின் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அந்த மாதத்திற்குரிய மரத்தை அடுத்த ஆண்டு நடலாம். அவ்வாறு தொகுக்கப்படும் பட்டியல்களைப் பள்ளிவாரியாகத் தாங்கள் மாணவர் பகுதியில் வெளியிட்டால், ஆயர் ஈத்தாமில் பூப்பது எது, நிபோங் திபாலில் பூப்பது எது என்று எங்களைப் போன்றோருக்கும் தெரியவரும். கன்று நடும் படங்களை வெளியிடும்போது, மரத்தின் பெயரையும் படக்குறிப்பில் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாலிக் புலாவ், பினாங்கு